செனட் இடம் காலியானால்: ஒரே ஓர் இருக்கைக்கு மாநிலம் முழுக்க ஓட்டு

இடைத்தேர்தல் என்றதும் நம் கண்முன் வருவது ஒரு தொகுதி. அமைச்சர்களெல்லாம் அங்கே போய் முகாம் போடுவார்கள், பக்கத்துத் தொகுதிக்காரர் டிவியில் வேடிக்கை பார்ப்பார். அமெரிக்காவில் ஒரு செனட்டர், அதாவது அந்நாட்டு நாடாளுமன்றத்தின் மேலவை உறுப்பினர், இறந்தாலோ பதவி விலகினாலோ கதை வேறு. செனட்டருக்குத் தொகுதி கிடையாது, மாநிலம் முழுவதும்தான் அவர் தொகுதி. அதனால் அந்த ஓர் இடத்தை நிரப்ப மாநிலத்தின் எல்லா ஊர்களிலும் வாக்குச்சாவடி திறக்க வேண்டும். 2010 ஜனவரி 19 அன்று, குளிர் உச்சத்தில் இருந்தபோது, மாசசூசெட்ஸில் அப்படிச் சுமார் 22.5 லட்சம் பேர் வந்து ஓட்டுப் போட்டார்கள்.

அடிப்படை விதி அரசியல் சட்டத்தின் 17-வது திருத்தத்தில் இருக்கிறது. 1913-க்கு முன்பு, நம் மாநிலங்களவைக்கு எம்.எல்.ஏ.க்கள் ஓட்டுப் போடுவது போல, அங்கேயும் மாநிலச் சட்டமன்றங்கள்தான் செனட்டர்களைத் தேர்ந்தெடுத்தன. அந்த ஆண்டு நேரடித் தேர்தல் வந்தது. கூடவே காலியிடத்துக்கான விதியும் வந்தது: இடம் காலியானால் ஆளுநர் தேர்தலுக்கு ஆணையிட வேண்டும், அதுவரை தற்காலிகமாக ஒருவரை நியமிக்கும் அதிகாரத்தைச் சட்டமன்றம் விரும்பினால் ஆளுநருக்குக் கொடுக்கலாம். கீழவையான பிரதிநிதிகள் சபைக்கு இந்த வசதி இல்லை. அங்கே நியமனமே கிடையாது, இடம் காலியானால் தேர்தல்தான்.

"சட்டமன்றம் விரும்பினால்" என்ற அந்த இரண்டு சொற்களில்தான் அரசியல் முழுவதும் அடங்கியிருக்கிறது. அங்கே ஆளுநரும் கட்சிக்காரர், மக்கள் ஓட்டில் ஜெயித்து வந்தவர். அவர் யாரை நியமிப்பார் என்று சொல்ல ஜோசியம் தேவையில்லை.

மாசசூசெட்ஸ் இதற்கு நல்ல பாடம். 2004-ல் அந்த மாநில செனட்டர் ஜான் கெர்ரி அதிபர் தேர்தலில் நின்றார். ஜெயித்தால் செனட் இடம் காலியாகும். ஆளுநர் மிட் ரோம்னி குடியரசுக் கட்சிக்காரர், சட்டமன்றம் ஜனநாயகக் கட்சியின் கையில். உடனே சட்டமன்றம் ஆளுநரின் நியமன அதிகாரத்தைப் பறித்தது. இடம் காலியானால் 145 முதல் 160 நாளுக்குள் தேர்தல், அதுவரை இருக்கை காலியாகவே கிடக்கட்டும் என்று சட்டம். ரோம்னி நிராகரித்துத் திருப்பி அனுப்பியும் மறுபடி நிறைவேற்றினார்கள். கடைசியில் கெர்ரி தோற்றார். சட்டம் மட்டும் மிஞ்சியது.

ஐந்து வருடம் கழித்து அது எழுதியவர்கள் காலிலேயே இடறியது. 2009 ஆகஸ்ட் 25-ல் செனட்டர் டெட் கென்னடி மூளைப் புற்றுநோயால் இறந்தார். அப்போது செனட்டில் ஜனநாயகக் கட்சிக்கு மருத்துவக் காப்பீட்டு மசோதாவை நிறைவேற்ற 60 ஓட்டு வேண்டும். 60 பேர் சேராவிட்டால் எதிர்க்கட்சி விவாதத்தை முடிக்கவிடாமல் இழுத்தே மசோதாவைச் சாகடிக்கலாம். ஐந்து மாதம் ஓர் இடம் காலியாக இருந்தால் கணக்கு இடிக்கும். நியமனத்தை மறுபடி அனுமதியுங்கள் என்று இறப்பதற்குச் சில நாள் முன்பு கென்னடியே கடிதம் அனுப்பியிருந்தார். 2004-ல் நியமனத்தை ஒழித்தபோது அதை ஆதரித்தவரும் அவர்தான்! இந்த முறை ஆளுநர் டெவால் பேட்ரிக் சொந்தக் கட்சி. செப்டம்பரில் சட்டம் மாறியது. பால் கிர்க் என்பவர், தேர்தலில் நிற்கமாட்டேன் என்ற வாக்குறுதியோடு தற்காலிக செனட்டர் ஆனார். டிசம்பர் 24-ல் மசோதா செனட்டைத் தாண்டியபோது ஆதரவு சரியாக 60.

தேர்தல் மட்டும் பழைய கணக்குப்படியே வந்தது. கென்னடி இறந்த 147-வது நாள் ஓட்டுப்பதிவு. ஜனநாயகக் கட்சியின் மார்த்தா கோக்லி சுலபமாக ஜெயிப்பார் என்றுதான் பலரும் நினைத்தார்கள். அந்த மாநிலத்தில் 1972-க்குப் பிறகு குடியரசுக் கட்சி செனட் இடம் எதையும் வென்றதில்லை. விவாத மேடையில் "கென்னடியின் இருக்கை" என்ற பேச்சு வந்தபோது, அது கென்னடி இருக்கையும் அல்ல, ஜனநாயகக் கட்சி இருக்கையும் அல்ல, மக்களின் இருக்கை என்று பதில் சொன்னார் எதிர்வேட்பாளர் ஸ்காட் பிரவுன். முடிவு: பிரவுன் 52 சதவீதம், கோக்லி 47. அறுபது ஐம்பத்தொன்பதானது. மருத்துவ மசோதாவின் மீதி வேலையை வேறு வழியில், 60 ஓட்டு தேவைப்படாத பட்ஜெட் நடைமுறையைப் பிடித்துத்தான் முடித்தார்கள்.

கென்னடி இருக்கை என்ற பேச்சு சும்மா வந்ததல்ல. 1960-ல் ஜான் கென்னடி அதிபராகத் தேர்வானபோது அவர் செனட் இடம் காலியானது. தம்பி டெட்டுக்கு அப்போது 28 வயது. செனட்டராக 30 ஆகியிருக்க வேண்டும். ஆளுநரோ சொந்தக் கட்சி. ஜான் கென்னடியின் கல்லூரி அறைத் தோழர் பெஞ்சமின் ஸ்மித் நியமிக்கப்பட்டார். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அதேதான். 1962-ல் தம்பிக்கு முப்பது முடிந்தது, அந்த நவம்பரில் தேர்தல் வந்தது, துண்டு எடுக்கப்பட்டது.

எல்லா மாநிலத்திலும் ஒரே விதி என்று நினைத்துவிட வேண்டாம். அரிசோனாவில் ஆளுநர் எந்தக் கட்சியாக இருந்தாலும், போன செனட்டரின் கட்சியிலிருந்துதான் நியமிக்க முடியும். எனக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது. வாக்காளர் ஒரு கட்சிக்குக் கொடுத்த இடத்தை ஒரு சாவு மாற்றிவிடக்கூடாது. ஓரிகானில் நியமனமே இல்லை. 1996 ஜனவரியில் அங்கே நடந்த செனட் இடைத்தேர்தல் முழுக்கத் தபால் ஓட்டிலேயே நடந்தது. ரான் வைடன் ஜெயித்தார்.

தேதியை நகர்த்துவதும் ஆளுநர் கையில் ஓர் ஆயுதம். அலபாமாவில் 2017-ல் ஓர் ஆளுநர் இடைத்தேர்தலை 2018 நவம்பருக்கு வைத்தார். அவர் பதவி விலகினார். அடுத்து வந்த கே ஐவி 2017 டிசம்பர் 12-க்கே கொண்டுவந்தார். குடியரசுக் கட்சிக் கோட்டையில் ஜனநாயகக் கட்சியின் டக் ஜோன்ஸ் ஜெயித்தார். வித்தியாசம் சுமார் 22,000 ஓட்டு. முக்கிய வேட்பாளர் இருவரும் வேண்டாமென்று வேறு பெயரை எழுதிப் போட்டவர்கள் அதைவிடக் கொஞ்சம் அதிகம்.

ஜெயித்தவருக்கு முழு ஆறு வருடம் கிடைக்காது, மிச்சக் காலம் மட்டும்தான். பிரவுன் 2013 ஜனவரி வரை இருந்தார். 2012 பொதுத்தேர்தலில் எலிசபெத் வாரனிடம் தோற்றார். இந்த மிச்சக்கால விதியால் சில நேரம் வாக்குச்சீட்டே வேடிக்கையாகிவிடும். துளசேந்திரபுரத்துப் பேத்தி கமலா ஹாரிஸ் துணை அதிபராகப் போனதும் கலிபோர்னியாவில் அவர் இடத்துக்கு அலெக்ஸ் படியா நியமிக்கப்பட்டார். 2022 நவம்பரில் அந்த ஒரே இடத்துக்கு வாக்காளர்கள் இரண்டு முறை ஓட்டுப் போட வேண்டியிருந்தது: பழைய பதவிக்காலத்தில் மீதியிருந்த சில வாரங்களுக்கு ஒன்று, அடுத்த ஆறு வருடத்துக்கு ஒன்று. சீட்டில் ஒரே பெயரை இரண்டு இடத்தில் பார்த்து அச்சுப்பிழை என்று நினைத்து ஒன்றை விட்டுவிட்டால், அந்த ஓட்டு போனது போனதுதான்.

அங்கே இருக்கும் நம்மவர்களுக்கு: பதினெட்டு வயதான குடிமக்களுக்கு மட்டுமே இந்த ஓட்டு. ஹெச்-1பி விசாவிலோ கிரீன் கார்டிலோ எத்தனை வருடம் வரி கட்டியிருந்தாலும் கிடையாது. தவறுதலாகப் பதிந்து ஓட்டுப் போட்டால் பின்னால் குடியுரிமை விண்ணப்பமே சிக்கலாகும். குடிமக்களாகிவிட்டவர்கள் வீடு மாறியிருந்தால் புது முகவரியைப் பதிய வேண்டும். அதற்கான கடைசி நாள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. மாசசூசெட்ஸில் இப்போது ஓட்டுப்பதிவுக்குப் பத்து நாள் முன்பு. கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தல் தனியாக, சில வாரங்கள் முன்னதாக நடக்கும். 2010 ஜனவரித் தேர்தலுக்கான அந்த வாக்குப்பதிவு 2009 டிசம்பர் 8-ஆம் தேதியே முடிந்திருந்தது.