எரரை அழிக்காதீர்கள்: டேஷ்போர்டில் தலைகீழாகும் தேதிகள்

ஏப்ரல் மாத விற்பனையை மட்டும் ஏற்றிய டேஷ்போர்டில் ஜனவரி தொடங்கி டிசம்பர் வரை கோடு ஓடுகிறது. ஒவ்வொரு மாதத்திலும் ஒரே ஒரு நாளுக்குத்தான் புள்ளி இருக்கிறது, அதுவும் 4-ஆம் தேதி. கோவைப் பக்கம் பம்ப்செட் விநியோகம் செய்யும் ஒரு நிறுவனம். மே முதல் வாரத்தில் ஏப்ரல் கணக்கைப் பார்க்க உட்கார்ந்தால், திரையில் வரப்போகிற டிசம்பரின் விற்பனை நிற்கிறது. "பவர் பிஐ-யில் ஏதோ பக் சார்" என்றார் எம்ஐஎஸ் (நிர்வாக அறிக்கைகள்) பார்க்கும் தம்பி. பவர் பிஐ என்பது இந்த டேஷ்போர்டைத் தயாரிக்கும் மென்பொருள்.

பக் ஒன்றும் இல்லை தம்பி. மென்பொருள் சொன்னதைச் செய்திருக்கிறது. இதே பஞ்சாயத்து ஊர் ஊராக வந்துகொண்டே இருக்கிறது, ஒவ்வொருவருக்கும் ஃபோனில் முதலிலிருந்து விளக்கி எனக்கு அலுத்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

பில்லிங் மென்பொருள் கொடுத்த சிஎஸ்வி கோப்பில் (கமாவால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) 05/04/2024 என்றால் ஏப்ரல் 5. அந்த லேப்டாப் வாங்கியபோது வந்த அமெரிக்க அமைப்பிலேயே இருந்தது, எவரும் தொடவில்லை. அமெரிக்கக் கணக்குக்கு மாதம் முன்னால், நாள் பின்னால். ஆகவே அது மே 4 ஆனது. ஏப்ரல் 1 ஜனவரி 4 ஆனது, ஏப்ரல் 12 டிசம்பர் 4 ஆனது. ஏப்ரல் 13-க்கு வந்தபோது பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று இல்லாததால், பவர் பிஐ-க்குள் கோப்பைப் படித்துத் தரும் பகுதியான பவர் குவரி எரர் காட்டியது. இதுவரை நடந்தது சரிசெய்யக்கூடிய தவறு. தம்பி என்ன செய்தார்? அந்த நெடுவரிசையில் ரைட் கிளிக், ரிமூவ் எரர்ஸ். சிவப்பு போய்விட்டது. கூடவே 13 முதல் 30 வரை 18 நாள் விற்பனையும் போய்விட்டது.

இதில் எது நல்ல வரி, எது கெட்ட வரி என்று யோசித்துப் பாருங்கள். எரர் வந்த வரிகளில் மூலத் தேதி கெடாமல் இருந்தது. எரர் வராமல் உள்ளே போனவைதான் தப்பான தேதியோடு போயின. ரிமூவ் எரர்ஸ் அழுத்தியபோது சாட்சியை வெளியே தள்ளிவிட்டுத் திருடனை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். அந்த பட்டனைத் தொடாமல் அப்படியே லோட் செய்திருந்தால்கூட, எரர் வந்த தேதிகள் வெற்றாகப் பதிவாகி, மொத்தத் தொகையாவது சரியாக வந்திருக்கும். வரைபடத்தில் 'பிளாங்க்' என்று ஒரு பெரிய குவியல் நிற்பதைப் பார்த்து எவராவது கேள்வி கேட்டிருப்பார்கள்.

ஓர் ஆண்டுக் கணக்குப் போட்டால் இதன் வீச்சு புரியும். நாள் 12-க்குள் இருக்கும் தேதிகள் 12 மாதத்துக்கு 144. அவற்றில் 01/01, 02/02 போன்ற பன்னிரண்டு மட்டும் எப்படிப் படித்தாலும் ஒன்றே. மீதி 132 தேதிகள் சத்தமே இல்லாமல் இடம் மாறும். 365 நாள் ஆண்டில் மற்ற 221 தேதிகள் எரர் தரும்.

அடுத்து, எனக்கு உண்மையிலேயே கோபம் வரவைப்பது. "சார், ஃபார்மேட்டை டிடி-எம்எம்-ஒய்ஒய்ஒய்ஒய் என்று மாற்றிவிட்டேன், இப்போது சரியாகிவிட்டது." இல்லை, ஆகவில்லை. மேலே இருக்கும் ஃபார்மேட் பெட்டியில் நீங்கள் மாற்றுவது தேதியைக் காட்டும் விதத்தை மட்டும். தேதியைப் படிக்கும் வேலை அதற்கு வெகுமுன்பே, கோப்பு உள்ளே வரும்போதே முடிந்துவிட்டது. உள்ளே மே 4 என்று பதிந்துவிட்ட ஒன்றை 05/04 என்று காட்டினாலும் மே 4, 04-05 என்று காட்டினாலும் மே 4. எக்செல்லில் 2024 ஏப்ரல் 1 என்பது உள்ளுக்குள் 45383 என்ற எண், அவ்வளவுதான். ஃபார்மேட் அந்த எண்ணுக்கு மேல் போடும் சட்டை. அந்த எண்ணே தப்பாக இருந்தால் எத்தனை சட்டை மாற்றி என்ன பயன்? இன்னும் மோசம், ஃபார்மேட்டை மாற்றியதும் பார்வைக்குச் சரியாகத் தெரியும் தேதிகள் வந்து நிற்கும். பார்ப்பவர் நிம்மதியாகிவிடுவார். மாத வாரியாகக் கூட்டும்போது ஏப்ரல் பணம் மே மாதத்திலேயேதான் இருக்கும். நம்பிக்கை இல்லையென்றால் தேதிக்குப் பக்கத்தில் மாதப் பெயரை எழுத்தில் காட்டும் ஒரு நெடுவரிசை போட்டுப் பாருங்கள். நாலு வரி பார்த்தாலே போதும்.

"பிரிவ்யூவில் எல்லாம் நன்றாகத்தானே இருந்தது?" இதையும் அடிக்கடி கேட்கிறேன். சிஎஸ்வியை ஏற்றியதும் பவர் குவரி தானாகவே 'சேஞ்ச்டு டைப்' என்று ஒரு படி சேர்த்துக்கொள்ளும். வழக்கமாக முதல் 200 வரிகளைப் பார்த்துத்தான் அது தேதியா, எழுத்தா என்று முடிவு செய்யும். ஏப்ரல் 1-இல் தொடங்கும் கோப்பில் முதல் 200 வரிகள் மாதத்தின் தொடக்க நாட்களாகவே இருக்கும், ஆகவே உறுத்தாமல் 'தேதி' என்று முத்திரை விழுந்துவிடும். நெடுவரிசையின் தரம் காட்டும் பச்சைப் பட்டையும் வழக்கமாக முதல் 1000 வரிக்குத்தான். ஜன்னலின் அடியில் இடது பக்கம் அதை எழுதியே வைத்திருக்கிறார்கள். அதைக் கிளிக் செய்து முழுத் தரவுக்கும் மாற்றலாம். எத்தனை பேர் அங்கே பார்க்கிறார்கள்?

சரி, மருந்து. பவர் பிஐ-யில் ஃபைல், ஆப்ஷன்ஸ் அண்ட் செட்டிங்ஸ், ஆப்ஷன்ஸ் என்று போனால் 'கரண்ட் ஃபைல்' பகுதியில் ரீஜனல் செட்டிங்ஸ் இருக்கும். லோகேல் என்றால் எந்த ஊர் வழக்கப்படி தேதியையும் எண்ணையும் படிப்பது என்ற அமைப்பு. அதில் 'லோகேல் ஃபார் இம்போர்ட்' என்பதை ஆங்கிலம் (இந்தியா) என்று வைத்து ரிஃப்ரெஷ் கொடுங்கள். இது அந்த ஒரு கோப்புக்கான அமைப்பு, அடுத்த ரிப்போர்ட்டுக்கு மறுபடி பார்க்க வேண்டும். பல ஊர்க் கோப்புகளைக் கலக்கிறவர்கள் இதை நம்பாதீர்கள். தேதி நெடுவரிசையில் ரைட் கிளிக் செய்து, சேஞ்ச் டைப், யூஸிங் லோகேல் என்று போய் ஒவ்வொன்றுக்கும் தனியாக ஊரைச் சொல்லிவிடுங்கள். அந்த ஊர் அந்தப் படியிலேயே எழுதப்பட்டுவிடும், பிறகு எவருடைய கணினியில் ரிஃப்ரெஷ் ஆனாலும் அதுவே செல்லும்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. தானாக வந்த 'சேஞ்ச்டு டைப்' படியை விட்டுவிட்டு அதற்குக் கீழே யூஸிங் லோகேல் போட்டால் ஒன்றும் நடக்காது. ஏற்கெனவே தேதியாகிவிட்டதை மறுபடி தேதியாக்குவதில் மாற என்ன இருக்கிறது? முதலில் பழைய படியை நீக்கி, நெடுவரிசை எழுத்தாகத் திரும்பியதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் லோகேல். தமிழில் வேலை செய்கிறோமே என்று தமிழ் (இந்தியா) தேர்ந்தெடுத்தவர்களும் உண்டு. ஆசை நல்லதுதான். ஆனால் கோப்பில் மாதம் ஆங்கில எழுத்தில் இருந்தால் ஆங்கிலம் (இந்தியா) தான் சரி.

எந்த அமைப்பாலும் காப்பாற்ற முடியாத நிலை ஒன்று உண்டு. வந்த சிஎஸ்வியை "சும்மா ஒரு பார்வை பார்க்கலாம்" என்று எக்செல்லில் டபுள் கிளிக் செய்து திறந்து, சேவ் கொடுத்து மூடுவது. அமெரிக்க அமைப்பில் இருக்கும் எக்செல் 12-ஆம் தேதி வரை உள்ளவற்றைத் தலைகீழாகப் படித்து வலப்பக்கம் ஒதுக்கும். 13 முதல் உள்ளவை எழுத்தாகவே இடப்பக்கம் ஒட்டி நிற்கும். ஒரே நெடுவரிசையில் பாதி இடம், பாதி வலம் என்று தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள், சேவ் கொடுக்காதீர்கள். பார்த்தே தீர வேண்டும் என்றால் எக்செல்லில் டேட்டா மெனு வழியாக இம்போர்ட் செய்யுங்கள். சேவ் ஆகிவிட்டதா? அதைத் திருத்த உட்காராமல் பில்லிங்கிலிருந்து புதிதாக எடுங்கள், தயவுசெய்து.

தேதியைவிட ஆபத்தானது புள்ளியும் கமாவும், ஏனென்றால் அங்கே எரரே வராமல் போகலாம். திருப்பூர்க்காரர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். ஜெர்மன் பையர் அனுப்பும் கோப்பில் 1.500 என்றால் ஆயிரத்து ஐந்நூறு பீஸ். ஜெர்மனியில் ஆயிரத்தைப் பிரிப்பது புள்ளி, தசமத்துக்குக் கமா. நம் அமைப்பில் அதைப் படித்தால் ஒன்றரை. விலை 1,5 யூரோ என்று வந்தால், பவர் குவரி அந்தக் கமாவை ஆயிரப் பிரிப்பு என்று எண்ணித் தூக்கிப் போட்டுவிட்டு 15 என்று படிக்கும். இந்தத் தவறு கோடு வளைவதில் தெரியாது, ஆர்டர் மதிப்பில்தான் தெரியும். பையர் கோப்புக்கு ஜெர்மன் லோகேல் தனியாகப் போட்டே ஆக வேண்டும்.

நம்முடைய 12,34,567 என்ற லட்சக் கமாவுக்குப் பயப்பட வேண்டாம், அமெரிக்க அமைப்பும் அதைச் சரியாகவே படித்துவிடும். டேஷ்போர்டில் 1,234,567 என்று தெரிகிறதே என்று எம்டி சத்தம் போட்டால், அது வெறும் காட்சிப் பிரச்சினை. இணையத்தில் பார்க்கும்போது பவர் பிஐ அவரவர் பிரவுசரின் மொழியைப் பார்த்துக் காட்டுகிறது. எம்டியின் பிரவுசரை ஆங்கிலம் (இந்தியா) ஆக்குங்கள், அல்லது லட்சத்தால் வகுத்து ஒரு மெஷர் (பவர் பிஐ-யின் கணக்குச் சூத்திரம்) எழுதுங்கள். அதற்காக நள்ளிரவில் எனக்கு ஃபோன் வேண்டாம்.

பில்லிங் மென்பொருள் எழுதுகிறவர்களே, ஏற்றுமதியில் 2024-04-05 என்று ஆண்டை முன்னால் வைத்துக் கொடுங்கள். ஐஎஸ்ஓ 8601 தரநிலை 1988-லேயே வந்துவிட்டது. இந்த ஒரு மாற்றத்தை நீங்கள் செய்தால் மேலே தேதியைப் பற்றி எழுதியதில் பெரும்பகுதி தேவையே இல்லை.

அவர்கள் மாற்றும்வரை, ரிப்போர்ட்டை மேலே அனுப்புவதற்கு முன் ஒரு மூலையில் மூன்று கார்டு (ஒரே ஒரு மதிப்பைக் காட்டும் பெட்டி) வையுங்கள்: மிகப் பழைய தேதி, மிகப் புதிய தேதி, மொத்த வரிகள். வரிகளின் எண்ணிக்கை பில்லிங்கோடு ஒத்துப்போகிறதா, புதிய தேதி இன்றைய தேதியைத் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு மாதத்திலும் 13-ஆம் தேதிக்குப் பிறகு விற்பனை இருக்கிறதா என்றும் பாருங்கள். எதுவும் இடித்தால் அனுப்பாதீர்கள், முதல் படியிலிருந்து திறந்து பாருங்கள்.