ஹாக்கியில் தலையில் அடிபட்டால்: ஒன்ராறியோவின் ரோவன் சட்டம் என்ன சொல்கிறது?

ஒன்ராறியோவில் பிள்ளையை ஐஸ் ஹாக்கிக்குச் சேர்க்கும்போது ஒரு கட்டுப் படிவம் வரும், பாதியைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவோம். அதில் ரோவன் சட்டம் பற்றிய பக்கத்தையாவது படியுங்கள். தலையில் அடிபட்டால் யார் என்ன செய்யவேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது.

சட்டத்துக்குப் பெயர் தந்த ரோவன் ஸ்ட்ரிங்கர் ஹாக்கி ஆடியவர் அல்ல, ஒட்டாவாவில் பள்ளி ரக்பி ஆடிய 17 வயதுப் பெண். 2013 மே மாதம் ஒரு வாரத்துக்குள் தலையில் பலமுறை அடிபட்டது. கன்கஷனாக (தலை உலுக்கப்படுவதால் மூளைக்கு வரும் காயம்) இருக்குமோ என்று கூகுளில் தேடியும் பார்த்திருக்கிறார், ஆனாலும் அடுத்த ஆட்டத்துக்கு இறங்கினார். முதல் அடி ஆறுவதற்குள் மறுபடி அடி விழுந்ததில் மூளை வீங்கி இறந்துபோனார். மரண விசாரணை ஜூரி 49 பரிந்துரைகள் கொடுத்தது, 2018இல் சட்டம் நிறைவேறியது.

சட்டத்தின் உயிர்நாடி ஒன்றுதான்: கன்கஷன் என்று சந்தேகம் வந்தாலே போதும், ஆட்டக்காரர் உடனே வெளியே வரவேண்டும். நிரூபிக்கத் தேவையில்லை. பையன் பெஞ்சில் வந்து உட்கார்ந்து ஸ்கோர் என்ன என்று இரண்டு தரம் கேட்கிறான், வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்கிறான், அவ்வளவு போதும். மயங்கி விழவேண்டும் என்றில்லை, தலையில் நேராக அடிபடவேண்டும் என்றும் இல்லை, உடம்பில் வாங்கிய மோதலில் தலை உலுக்கப்பட்டாலே வரலாம். ஹெல்மெட் மண்டையோட்டைக் காக்கும், உள்ளே மூளை ஆடுவதை அதனால் முழுசாகத் தடுக்கமுடியாது. வாந்தி, வலிப்பு, கடும் கழுத்துவலி என்றால் உடனே அவசர உதவிக்கு 911ஐ அழையுங்கள்.

வெளியே எடுத்த பிள்ளை எப்போது திரும்பலாம்? டாக்டரோ நர்ஸ் பிராக்டிஷனரோ பார்த்து, கன்கஷன் இல்லை என்றால் அந்த உறுதியைக் கழகத்துக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பலாம். இருக்கிறது என்றால் படிப்படியாகத்தான், முழுப் பயிற்சிக்கும் ஆட்டத்துக்கும் முன்னால் மருத்துவ அனுமதி வேண்டும். கோச் அவசரப்பட்டாலும், அப்பா "கடைசிப் பீரியட்தானே, ஆடட்டும்" என்றாலும், பிள்ளையே அழுதாலும் இதை மாற்றமுடியாது. எனக்கு இந்தச் சட்டத்தில் பிடித்தது இதுதான், முடிவெடுக்கும் சுமையை 12 வயதுப் பிள்ளையின் தலையில் வைக்கவில்லை.

அப்புறம், 26 வயதுக்குக் கீழ்ப்பட்ட ஆட்டக்காரர்களும், 18க்குக் கீழ் என்றால் பெற்றோரும், கோச், ட்ரெயினர், ரெஃபரி எல்லோரும் வருடம் ஒருமுறை அரசின் கன்கஷன் கையேட்டைப் படித்ததாக உறுதி கொடுக்கவேண்டும். சின்னக் கையேடுதான், வயதுக்கேற்றபடி தனித்தனியாக இருக்கிறது.

சரி, மோசமாக அடிபட்டால் யார் பொறுப்பு? ஹாக்கி என்றால் இடிபடத்தான் செய்யும், அதற்கு ஒத்துக்கொண்டுதான் இறங்குகிறோம். ஆனால் அந்தச் சம்மதத்துக்கு எல்லை உண்டு. 2004இல் வான்கூவரில் நடந்த என்எச்எல் (வட அமெரிக்கத் தொழில்முறை ஹாக்கி லீக்) ஆட்டத்தில் டாட் பெர்டூஸி, எதிரணியின் ஸ்டீவ் மூரைப் பின்னாலிருந்து குத்தி வீழ்த்தியதில் மூருக்குக் கழுத்தெலும்பு முறிந்தது, அதன்பின் அவர் என்எச்எல்லில் ஆடவே இல்லை. பெர்டூஸி குற்றவியல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார், நஷ்டஈட்டு வழக்கு 2014இல்தான் சமரசமாக முடிந்தது. அது தொழில்முறை ஆட்டம். ஆனால் ஒட்டாவாவில் பெரியவர்கள் பொழுதுபோக்குக்கு ஆடிய ஆட்டத்தில் எதிராளி எதிர்பாராத நேரத்தில் அவர்மேல் மோதிக் காயப்படுத்தியவர் 7 லட்சம் டொலருக்கு மேல் கொடுக்கவேண்டும் என்று 2020இல் நீதிபதி தீர்ப்பளித்தார். காயப்படுத்தும் நோக்கம் இருந்ததா என்பதைவிட, நியாயமான ஆட்டக்காரர் அந்த இடத்தில் அப்படி நடப்பாரா என்பதே அளவுகோல்.

'அடிபட்டால் கழகம் பொறுப்பல்ல' என்று நாம் கையெழுத்துப் போட்டிருந்தாலும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கவேண்டாம். பெற்றோர் அப்படிப் பிள்ளையின் உரிமையை விட்டுக்கொடுக்கமுடியாது என்று பிரிட்டிஷ் கொலம்பியா நீதிமன்றம் 2009இல் சொன்னது. ஒன்ராறியோவில் அது கட்டாயம் செல்லும் தீர்ப்பில்லை, ஆகவே வக்கீலைக் கேளுங்கள். பொதுவாக வழக்குப் போட இரண்டு வருடம்.

உடனே செய்யவேண்டியது வேறு. ஹாக்கி கனடாவின் காப்புறுதிக்கான காயப் படிவத்தை 90 நாளுக்குள் அனுப்பவேண்டும். டாக்டர், ஆஸ்பத்திரிச் செலவை ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் பார்த்துக்கொள்ளும், உடைந்த பல்லுக்குப் பெரும்பாலும் ஹாக்கி கனடாவின் காப்புறுதியைத்தான் நம்பவேண்டியிருக்கும்.