‘ஆஸ்டெரிட்டி’: சிக்கனமா, செலவொறுப்பா?

பொருளாதார நெருக்கடிச் செய்திகளில் வரும் ‘ஆஸ்டெரிட்டி’ என்னும் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் நாளேடுகள் பெரும்பாலும் ‘சிக்கன நடவடிக்கை’ என்று எழுதுகின்றன. இவ்வழக்கு ஊன்றிவிட்டது. ஆயினும், 2010-க்குப் பின், கடன் நெருக்கடியில் சிக்கிய கிரேக்க நாட்டின் அரசு வேலைவாய்ப்பு அலுவலகங்கள் பட்ட பாட்டைப் பார்க்கும்போது, அது பொருத்தமான பெயர்தானா என்னும் ஐயம் எழுகிறது.

சொல்லின் வேரும் கிரேக்கமே. பண்டைக் கிரேக்கத்தில் ‘அவுஸ்தேரோஸ்’ என்பது நாவை உலர்த்தும் துவர்ப்பையும் கடுப்பையும் குறித்தது. ‘உலர்ந்த’ எனப் பொருள்படும் சொல்லோடு உறவுடையது. சுவையைக் குறித்த சொல் பின்னர் மனிதரின் கடுமையையும் குறித்தது. லூக்கா நற்செய்தியின் 19ஆம் அதிகாரத்தில் ஊழியன் தன் எசமானனைக் ‘கடினமுள்ள மனுஷன்’ என்று சொல்லுமிடத்தில் கிரேக்க மூலத்தில் நிற்பது இச்சொல்லே. இலத்தீன், பழம் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து நெடுங்காலம் துறவியரின் நோன்புக் கடுமையைச் சுட்டியது. அரசின் செலவுக் குறைப்பு என்னும் பொருள் 20ஆம் நூற்றாண்டில் ஏறியது. 2010இல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி இதனை ஆண்டின் சொல்லாக அறிவித்தது. வேடிக்கை என்னவென்றால், இன்றைய கிரேக்கர்கள் இந்தப் பொருளுக்குத் தம் பழஞ்சொல்லை எடுக்காமல், எளிமையைக் குறிக்கும் ‘லித்தோத்தித்தா’ என்பதையே ஆள்கிறார்கள். பெயரை மென்மையாக்கும் பழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று.

‘சிக்கனம்’ என்பதைச் ‘சிக்கென’ என்னும் இறுக்கக் குறிப்போடு தொடர்புபடுத்தலாம். திருவாசகத்தின் ‘சிக்கெனப் பிடித்தேன்’ என்பதில் உள்ள பிடிதான் கைப்பிடிச் செலவிலும் இருக்கிறது. ஆனால் வழக்கில் சிக்கனம் ஒரு நற்குணம்: தன் பணத்தைத் தானே, தன் தேவையைச் சுருக்கிக்கொண்டு, அளந்து செலவிடுவது. தேவையைச் சுருக்க முடியும் என்பது அச்சொல்லுக்குள் அடங்கிய எடுகோள். வேலைவாய்ப்பு அலுவலகத்திலோ நெருக்கடி வந்தால் தேவை பெருகத்தான் செய்யும்.

இங்கே ‘வேலைவாய்ப்பு அலுவலகம்’ என்றதும், பதிந்துவிட்டு மூப்பு வரிசைக்குக் காத்திருக்கும் நம் ஊர் ‘எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்ச்’ நினைவுக்கு வரலாம். கிரேக்கத்தின் அலுவலகம் வேலை தேடித் தருவதோடு, பயிற்சியும் அளித்து, வேலையிழந்தோர்க்கு உதவித்தொகையும் வழங்குவது. ஓஏஈடி என்று சுருக்கமாக அறியப்பட்ட இந்நிறுவனம் 2022இல் ‘பொது வேலைவாய்ப்புச் சேவை’ எனப் பெயர் மாறியது. தொழிலாளரும் முதலாளிகளும் செலுத்தும் பங்குத்தொகையே அதன் வருவாயின் முதன்மை ஊற்று. ஆகவே ஒருவர் வேலையிழக்கும்போது பணம் கட்டுவோர் பட்டியலில் ஒரு பெயர் குறைந்து, பணம் கேட்போர் பட்டியலில் ஒரு பெயர் கூடுகிறது. 2008இல் 8 விழுக்காட்டை ஒட்டியிருந்த வேலையின்மை 2013இல் 27 விழுக்காட்டைத் தாண்டியது. இதற்கிடையே, 2012இல் குறைந்தபட்ச ஊதியம் 22 விழுக்காடு வெட்டப்பட்டபோது, மாத உதவித்தொகையும் 461 யூரோவிலிருந்து 360 யூரோவாக இறங்கியது. அதுவும் அதிகம் போனால் 12 மாதங்களுக்குத்தான். ஓராண்டுக்கு மேல் வேலையின்றி இருந்தவர்களே பெரும்பான்மையாகிவிட்ட நாட்டில், அலுவலகக் கதவைத் தட்டியவர்களில் பலருக்கு அந்தத் தொகையும் இல்லை.

சன்னலுக்கு உட்புறம் அமர்ந்திருந்த அலுவலரின் நிலையை யாரும் அதிகம் பேசுவதில்லை. ஐந்து பேர் பணியிலிருந்து விலகினால் ஒருவரை மட்டுமே எடுக்கலாம் என்பது கடன் கொடுத்தோருடன் அரசு ஒப்புக்கொண்ட விதி. வரிசை நீளும் காலத்தில் மேசைகள் காலியாகும் என்பதே அதன் நடைமுறைப் பொருள். தொழிலாளர்க்கு வீட்டு வசதி அளித்துவந்து, பின் ஒழிக்கப்பட்ட நிறுவனத்தின் பொறுப்புகளும் ஓஏஈடியின் மேல் வந்து விழுந்தன. அரசு ஊழியர் அனைவரையும் போலவே இவர்களும் 13ஆம், 14ஆம் மாத ஊதியங்களை இழந்தார்கள். 2013இல் அரசுப் பணியாளர் பலர், குறைந்த ஊதியத்தில் எட்டு மாதம் காத்திருந்து, வேறிடம் கிடைக்காவிட்டால் வேலையை இழக்கும் நிலையில் வைக்கப்பட்டார்கள். அதற்கு இட்ட பெயர், ‘கிடைக்கக்கூடிய நிலை’ என்று பொருள்படும் ‘தியாதெசிமோதித்தா’. பிறருக்கு வேலை தேடித் தரும் அலுவலர், தன் வேலையை எண்ணி அஞ்சிக்கொண்டே கோப்பைத் திறக்க வேண்டியிருந்தது.

இந்நிலையைச் சுட்ட ‘செலவொறுப்பு’ என்பதே தகும் என்பது என் கருத்து. ‘ஒறுத்தல்’ என்பதற்குத் தண்டித்தல் என்றும், புலன்களையும் உடலையும் அடக்கி வருத்துதல் என்றும் பொருளுண்டு. கிறித்தவத் தமிழில் தவக்கால ‘ஒறுத்தல் முயற்சிகள்’ இன்றும் வழக்கில் உள்ளன. ஆங்கிலச் சொல்லில் உள்ள நோன்பும் கடுமையும் இதில் ஒருங்கே கிடைக்கின்றன. யார் யாரை ஒறுக்கிறார் என்னும் கேள்வியையும் இச்சொல் எழுப்பும். ‘சிக்கனம்’ அதை எழுப்பாது. வரவு செலவுத் திட்டத்தில் ஒரு துறைக்கான தொகை குறைவதை மட்டும் சொல்ல வேண்டுமானால் ‘செலவுக் குறைப்பு’ போதும். கொள்கையாகவே நடக்கும்போது ‘செலவொறுப்புக் கொள்கை’ என்றும், தனித்தனி ஆணைகளைச் சொல்லும்போது ‘செலவொறுப்பு நடவடிக்கைகள்’ என்றும் எழுதலாம்.