கெமாத்ரியா: எழுத்தெண் கணிப்பு

யூதர்களின் மொழியான எபிரேயத்தில் 22 எழுத்துகளும் எண்களாகவும் வழங்கியவை. அலெஃப் 1, பேத் 2 என்று தொடங்கி யோத் 10, காஃப் 20 என்று பத்துப் பத்தாகவும், 100-க்குப் பிறகு நூறு நூறாகவும் ஏறி, கடைசி எழுத்தான தாவ் 400-இல் முடியும். ஒரு சொல்லின் எழுத்துகளைக் கூட்டி, அதே தொகை வரும் இன்னொரு சொல்லோடு உறவு காண்பதுதான் கெமாத்ரியா. கெமாத்ரியா என்ற சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. நில அளவையைக் குறிக்கும் 'கெயோமெத்ரியா'தான் மூலம் என்பது பலர் கருத்து. எழுத்தைக் குறிக்கும் 'கிரம்மா'வோடு சேர்த்துப் பார்ப்பவர்களும் உண்டு.

இதை 'எண் சோதிடம்' என்று தமிழாக்குவது எனக்கு உடன்பாடில்லை. எண் சோதிடம் பிறந்த தேதியையும் பெயரையும் வைத்துப் பலன் சொல்வது. கெமாத்ரியா முதலில் மறைநூலுக்கு உரை காணும் வழி. பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தில் ஆபிரகாம் 318 பேரோடு போருக்குப் போகிறார். எலியேசர் என்ற ஊழியரின் பெயரைக் கூட்டினாலும் 318 வரும். ஆகவே உடன் போனவர் அவர் ஒருவர்தான் என்று யூதர்களின் சமய நூலான தால்முத் விளக்குகிறது. இதற்கு 'எழுத்தெண் கணிப்பு' என்பதே பொருந்தும்.

எழுத்தே எண்ணாக இருப்பது நமக்கும் பழக்கம்தான். தமிழ் எண்ணில் எட்டு 'அ', கால் 'வ'. ஔவையார் பாடியதாகச் சொல்லப்படும் தனிப்பாடலில் 'எட்டேகால் லட்சணமே' என்று வருவது 'அவலட்சணமே' என்ற வசைதான்.

சரி, 13 ராசியில்லாத எண் என்ற பயம் எங்கிருந்து வந்தது? எபிரேயத்தில் 13-ஆம் எழுத்து 'மேம்', சாவைக் குறிக்கும் 'மாவெத்' அதில் தொடங்குகிறது, அதனால்தான் என்று சிலர் எழுதுகிறார்கள். இது நிற்காது. மேம் வரிசையில் 13-ஆவது என்றாலும் அதன் மதிப்பு 40. தண்ணீரைக் குறிக்கும் 'மயிம்' தொடங்குவதும் அதே எழுத்தில்தான். உண்மையில் யூதர்களுக்கு 13 நல்ல எண். 'எஹாத்' என்றால் ஒன்று: 1, 8, 4 கூட்டினால் 13. 'அஹவா' என்றால் அன்பு: 1, 5, 2, 5, அதுவும் 13. இரண்டும் சேர்ந்தால் 26, கடவுளின் நான்கெழுத்துத் திருப்பெயருக்கு உரிய தொகை. பையன்கள் சமயக் கடமை ஏற்கும் வயதும் 13-தான். 13 பற்றிய அச்சத்துக்குப் பரவலாகச் சொல்லப்படும் காரணம் கிறிஸ்தவ மரபிலிருந்து வருகிறது: இயேசுவின் கடைசி இராவுணவில் இருந்தவர்கள் 13 பேர்.

அதேபோல் 18. ஹேத் 8, யோத் 10 சேர்ந்தால் 'ஹாய்', உயிர் என்று பொருள். அதனால் யூதர்கள் மொய்யும் நன்கொடையும் 18, 36, 54 என்று 18-இன் மடங்கில் தருவது வழக்கம்.

எபிரேயர் எழுதத் தயங்கும் எண்களும் உண்டு, ஆனால் பயத்தால் அல்ல. 15-ஐ 10, 5 என்றும் 16-ஐ 10, 6 என்றும் எழுதினால் அந்தத் திருப்பெயரின் எழுத்துகள் வந்துவிடும். எனவே 9, 6 என்றும் 9, 7 என்றும் எழுதுவார்கள். யூத நாட்காட்டியில் ஷெவாத் மாதம் 15-ஆம் நாளில் வரும் மரங்களின் புத்தாண்டுக்கு 'தூ பிஷ்வாத்' என்று பெயர். அந்தத் 'தூ', 9-உம் 6-உம் ஆன தேத், வாவ் என்ற இரண்டு எழுத்துகள்.