தடத்தின் நெளிவில் எழுதிய பூட்டு

குன்னூர், கோத்தகிரி, உதகை கடைவீதிகளில் டிவி, ரேடியோ பழுதுபார்ப்பவர்களின் மேசைக்குச் சோனி நிறுவனத்தின் சாம்பல் நிறப் பழைய விளையாட்டுப் பெட்டியான பிளேஸ்டேஷன் ஒன்று வந்தால், மேல்மூடியைக் கழற்றியதுமே அவர்கள் தேடுவது ஒரு சின்னஞ்சிறு சிப்பைத்தான். தொழிற்சாலையில் பொருத்திய எதனோடும் அது சேராது. எட்டுக் கால்கள் மேல்நோக்கி நிற்க, சர்க்கியூட் போர்டின் மேல் ஒட்டப்பட்டு, தலைமுடி போன்ற மெல்லிய வயர்களால் அங்கங்கே சாலிடர் செய்யப்பட்டிருக்கும். 'சிப் போட்ட பெட்டி' என்றால் நகல் சிடியும் அதில் ஓடும் என்று வாங்குபவருக்கு அப்போதே தெரியும். ஆனால் அந்தச் சிப் பெட்டிக்குள் என்ன செய்கிறது என்பது பலருக்குத் தெரியாது. அது திறப்பது, சிடி என்ற பொருளின் இயற்பியலிலேயே மறைக்கப்பட்டிருந்த ஒரு பூட்டை. அதன் நுட்பம் தெரிந்துகொள்ளத் தக்கது.

சிடியில் ஒரே ஒரு தடம் மையத்திலிருந்து தொடங்கிச் சுருள்சுருளாக விளிம்பு வரை செல்கிறது. அடுத்தடுத்த இரண்டு சுற்றுகளுக்கு இடையே உள்ள தூரம் 1.6 மைக்ரோமீட்டர். தடம் நெடுகிலும் உள்ள குழிகளை 780 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட அகச்சிவப்பு லேசர் வாசிக்கிறது. இவ்வளவு மெல்லிய தடத்தை விட்டு லேசர் விலகாமல் இருப்பதற்காக, லென்ஸ் சற்றே விலகினாலும் அதைக் கண்டுபிடித்து, மின்காந்தச் சுருள்களால் உடனே இழுத்துத் திருத்தும் சர்வோ அமைப்பு ஒவ்வொரு சிடி டிரைவிலும் இருக்கிறது. எந்தப் பக்கம், எவ்வளவு விலகியது என்பதைச் சொல்லும் ஒரு சிறு மின்குறிப்பு அதற்குள் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

1994 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த பிளேஸ்டேஷனின் பூட்டு அந்தக் குறிப்பில்தான் இருந்தது. அசல் விளையாட்டுத் தட்டுகளில், தரவு தொடங்குவதற்கு முன்னால் உள்ள உள்வட்டப் பகுதியில், தடத்தையே வேண்டுமென்று பக்கவாட்டில் மிக நுண்ணிய அளவுக்கு நெளியவிட்டு அச்சடித்தார்கள். அந்த நெளிவு வினாடிக்கு 250 பிட் என்ற நிதானமான வேகத்தில் நான்கு எழுத்துகளைச் சொன்னது. ஜப்பானியத் தட்டில் எஸ்சிஇஐ, அமெரிக்கத் தட்டில் எஸ்சிஇஏ, ஐரோப்பியத் தட்டில் எஸ்சிஇஇ. தட்டை வைத்து மூடியதும், சர்வோ அந்த நெளிவைப் பின்தொடர்ந்து அசைவதைக் கொண்டு, டிரைவைக் கட்டுப்படுத்தும் சிப் அந்த எழுத்துகளைப் படிக்கும். எழுத்துகள் வராவிட்டாலோ, வேறு பிரதேசத்தின் எழுத்துகளாக இருந்தாலோ விளையாட்டு தொடங்காது.

நகல் எடுக்கும்போது இந்த நெளிவு ஏன் கூடவே வருவதில்லை? கணினி டிரைவ் குழிகளில் உள்ள தரவை மட்டும் தருகிறதே தவிர, தடம் எப்படி வளைந்து சென்றது என்பதைச் சொல்வதில்லை; டிரைவைப் பொறுத்தவரை நெளிவு என்பது திருத்திவிட்டு மறந்துவிட வேண்டிய பிழை. முத்திரைத்தாளை ஜெராக்ஸ் எடுத்தால் எழுத்தெல்லாம் வந்துவிடும், வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் நீர்க்குறி மட்டும் வராது, இதுவும் அத்தகையதே. அடுத்து, எழுதப்படும் சிடியில் ஏற்கெனவே ஒரு பள்ளம் வெட்டப்பட்டிருக்கிறது, அதற்கென்று 22.05 கிலோஹெர்ட்ஸ் அளவில் தனி நெளிவும் உண்டு. எழுதும் லேசர் அந்தப் பள்ளத்தைத்தான் பின்பற்றியாக வேண்டும். வேறு நெளிவைத் தானாக வரைய அதனால் இயலாது. பிளேஸ்டேஷன் தட்டுகளின் கறுப்பு அடிப்பக்கம்தான் பாதுகாப்பு என்ற நம்பிக்கை நெடுங்காலம் நிலவியது. அந்தக் கறுப்பு வெறும் சாயம். அகச்சிவப்பு ஒளி அதனூடே தடையின்றிச் செல்லும்.

மோட்சிப் எனப்படும் அந்தச் சின்னஞ்சிறு சிப் செய்வது இவ்வளவுதான்: தட்டிலிருந்து வரவேண்டிய குறிப்பின் பாதையை அடக்கிவிட்டு, அதே நான்கு எழுத்துகளை, ஒரு பிட்டுக்கு 4 மில்லிவினாடி என்ற கணக்கில், டிரைவின் கட்டுப்பாட்டுச் சிப்புக்குத் தானே அனுப்புகிறது. மறைகுறியீடு எதையும் அது உடைக்கவில்லை. ஏனெனில் உடைப்பதற்கு அங்கே மறைகுறியீடே இல்லை. மூன்று பிரதேசங்களின் எழுத்துகளையும் மாறி மாறி அனுப்பும் சிப்புகள் வந்தபின், எந்த நாட்டுத் தட்டும் எந்தப் பெட்டியிலும் ஓடியது. உறவினர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த தட்டு நம் ஊர்ப் பெட்டியில் ஓடாமல் கிடந்த வீடுகளுக்கு, நகல் சிடியைவிட இதுவே பெரிய ஆறுதலாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். காசு கொடுத்து வாங்கிய அசல் தட்டைப் பிரதேசத்தின் பெயரால் மறுப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

விளையாட்டைத் தயாரித்தவர்களும் சும்மா இருக்கவில்லை. முதற்கட்டச் சிப்புகள் நிறுத்தாமல் எழுத்துகளை அனுப்பிக்கொண்டே இருந்தன. இதைக் கவனித்த சில பிற்கால விளையாட்டுகள், எழுத்துகள் வரவே கூடாத நேரத்திலும் வருகின்றனவா என்று சோதித்து, வந்தால் ஆட்டத்தை நிறுத்தின. அதற்கு மறுமொழியாக, தேவையான தருணத்தில் மட்டும் பேசிவிட்டுப் பிறகு வாய்மூடிக்கொள்ளும் சிப்புகள் வந்தன. ஐரோப்பியத் தட்டுகள் சிலவற்றில் லிப்கிரிப்ட் என்ற வேறொரு முறை கையாளப்பட்டது. தட்டில் முதன்மைத் தரவுக்குப் பக்கத்தில், நேரக்கணக்கைச் சொல்லும் துணைத் தரவும் ஓடும். அதில் குறிப்பிட்ட சில இடங்களை வேண்டுமென்றே பிழையாக அச்சடித்து, அந்தப் பிழைகளின் அமைப்பிலேயே 16 பிட் திறவுகோலை ஒளித்துவைத்தார்கள். சாதாரணமாக நகல் எடுக்கும்போது துணைத் தரவு புதிதாக, பிழையின்றி உருவாகிவிடும். பிழை போனதும் திறவுகோலும் போய்விடும்.

மலையில் இந்தப் பெட்டிகளுக்கு வேறொரு பகையும் உண்டு, அது ஈரம். கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை என்று நீலகிரியில் ஆண்டின் பெரும்பகுதி காற்று நனைந்தே இருக்கிறது. குளிர்ந்து கிடந்த பெட்டியைக் கணப்பு எரியும் அறைக்குள் கொண்டுவந்தால், லென்ஸின் மேல் ஈரம் படிந்து, கொஞ்ச நேரம் எந்தத் தட்டும் வாசிக்கப்படாது. கேமரா லென்ஸில் பூக்கும் பூஞ்சை இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். சிடியின் ஒளி திருப்பும் அலுமினியப் படலமோ, எழுத்து அச்சிட்ட மேற்பக்கத்தில், மெல்லிய அரக்குப் பூச்சுக்கு அடியில் இருக்கிறது. அந்தப் பூச்சில் கீறல் விழுந்தால் ஈரம் உள்ளே போய் அலுமினியம் ஆக்சைடாகும். அந்த இடத்தில் தட்டு ஒளியைத் திருப்பாது. நகல் சிடிகளின் நிலை இன்னும் மோசம். அவற்றில் குழிகளுக்குப் பதில் சாயப் படலம் இருப்பதால், முதலிலிருந்தே அவை அசலைவிடக் குறைவாகத்தான் ஒளியைத் திருப்புகின்றன. தேய்ந்த லேசர் அசலை வாசித்து நகலில் தடுமாறுவது அதனால்தான். லேசரின் பக்கத்தில் உள்ள சிறு திருகைத் திருப்பி அதன் ஆற்றலைக் கூட்டினால் நகல் மறுபடி ஓடும். ஆனால் லேசரின் ஆயுள் அதற்கேற்பக் குறைந்துவிடும். இன்று, டிரைவையே எடுத்துவிட்டு, மெமரி கார்டிலிருந்து தரவைக் கொடுத்து டிரைவைப் போலவே நடந்துகொள்ளும் சர்க்கியூட் போர்டுகளும் கிடைக்கின்றன.

எமுலேட்டர் என்பது இவை எல்லாவற்றிலிருந்தும் அடிப்படையிலேயே வேறுபட்டது. அது பெட்டியை ஏமாற்றுவதில்லை. பெட்டியையே மென்பொருளாகக் கட்டியெழுப்புகிறது. பிளேஸ்டேஷனின் செயலி மிப்ஸ் என்ற செயலி வடிவமைப்பு வகையைச் சேர்ந்தது. வினாடிக்கு 33,868,800 துடிப்பு என்ற அதன் வேகம், சிடி இசையின் 44,100 மாதிரிகளைச் சரியாக 768 மடங்காக்கிய எண். எமுலேட்டர் அந்தச் செயலியின் கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்து, பொருள் கண்டு, அதன் விளைவைத் தன் நினைவகத்தில் நிகழ்த்துகிறது. இந்தச் செயலியில், வேறு இடத்துக்குத் தாவச் சொல்லும் கட்டளைக்கு அடுத்து நிற்கும் கட்டளையும் தாவுவதற்கு முன் நிறைவேறிவிடும். எமுலேட்டரும் அப்படியே செய்யாவிட்டால் விளையாட்டு நொறுங்கும். கட்டளைக்குக் கட்டளை பொருள் காண்பதால் வேகம் குறைகிறது என்பதற்காக, ஒரு தொகுதிக் கட்டளைகளை மொத்தமாக, எமுலேட்டர் ஓடும் கைபேசியின் செயலிக்குரிய கட்டளைகளாக மாற்றிச் சேமித்து, அடுத்த முறை அதையே ஓட்டுவது இன்று வழக்கம். விளையாட்டு தன் கட்டளைகளைத் தானே திருத்தி எழுதினால், சேமித்ததை உடனே தூக்கியெறிந்துவிட வேண்டும்.

கடினமான பகுதி நேரக்கணக்கு. அசல் பெட்டியில் லென்ஸ் நகர நேரம் எடுக்கும். தரவு உடனடியாக வந்துவிட்டால் குழம்பிப்போகும் விளையாட்டுகள் இருப்பதால், நல்ல எமுலேட்டர் அந்தத் தாமதத்தையும் கணக்கிட்டு நடிக்கிறது. அதேபோல, அசலில் பாத்திரங்களின் உருவங்கள் நடுங்குவதற்குக் காரணம் உண்டு. முப்பரிமாணக் கணக்கின் விடையில் பின்னப் பகுதியை விட்டுவிட்டு, முழு எண்ணை மட்டுமே அந்தப் பெட்டி திரைக்குக் கொடுத்தது. விட்டுப்போன பின்னத்தைக் காப்பாற்றி வைத்து, நடுக்கம் இல்லாத படத்தைத் தரும் எமுலேட்டர்களும் இருக்கின்றன. எனக்கு அந்த நடுக்கத்தோடு பார்க்கத்தான் பிடிக்கிறது. அந்தக் காலத்து வன்பொருளின் கையெழுத்து அதில் இருக்கிறது.

சட்டமும் இவற்றை ஒன்றாகப் பார்க்கவில்லை. சோனிக்கும் கனெக்டிக்ஸ் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில், எமுலேட்டர் உருவாக்குவதற்காகப் பெட்டியின் உள் மென்பொருளை நகலெடுத்து ஆராய்ந்தது நியாயமான பயன்பாடே என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000-ல் தீர்ப்பளித்தது. இந்தியாவில் 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பாதுகாப்பைத் தாண்டுபவருக்கு 2 ஆண்டு வரை சிறைத்தண்டனையும் அபராதமும் விதிக்கிறது. அதே சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கணினி நிரலின் பிரதியை முறையாக வைத்திருப்பவர், அது தொலைந்தாலோ அழிந்தாலோ உதவுவதற்காகக் காப்புப் பிரதி எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. யாரோ எடுத்த திருட்டு நகலை வாங்குவதும், நம் அலமாரியில் உள்ள தட்டைக் காப்பாற்றி வைப்பதும் ஒன்றல்ல.

அப்படிக் காப்பாற்றுபவர்கள், செக்டார் எனப்படும் தட்டின் ஒவ்வொரு தரவுத் துண்டுக்கும் 2,048 பைட் பயன்தரவை மட்டும் எடுக்காமல், 2,352 பைட்டையும் முழுமையாக எடுப்பது நல்லது. பிழைதிருத்தக் குறியீடுகளும் இசைத் தடங்களும் அப்போதுதான் சிதையாமல் வரும். லிப்கிரிப்ட் உள்ள ஐரோப்பியத் தட்டென்றால் துணைத் தரவையும் தனிக் கோப்பாகச் சேர்த்து எடுக்க வேண்டும். தடத்தின் நெளிவுக்கு இந்தக் கோப்புகளில் இடமே இல்லை. பிரதேச எழுத்துகளைக் கேட்கும் நிலை வரும்போது, பொருத்தமான விடையை எமுலேட்டரே கொடுத்துவிடும். ஒரே தட்டை இரண்டு முறை வாசித்து, இரண்டு கோப்புகளின் ஹாஷ் மதிப்பும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் சுருக்க அடையாளம்) ஒத்திருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். ஒத்துவராவிட்டால் தட்டையோ டிரைவின் லென்ஸையோ துடைத்துவிட்டு மீண்டும் வாசிக்கலாம். இந்த வேலையைக் காற்று உலர்ந்திருக்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் முடித்து, தட்டுகளைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துவிட்டால், ஜூன் மழையின் ஈரம் அவற்றை எட்டாது.