சர்க்கஸ்: வட்டரங்கா, கழைக்கூத்தா?

போரையும் அதன் நினைவையும் கதையாகச் சொல்கிற புது மாதிரி சர்க்கஸைத் தமிழில் என்னவென்று சொல்வது என்பதுதான் கேள்வி. பொதுவாக சர்க்கஸுக்குத் தமிழில் ‘வட்டரங்கு’ என்று எழுதுகிறார்கள். லத்தீன் மூலத்துக்கு அது சரிதான், அங்கே சிர்க்கஸ் என்றால் வளையம், ரோமில் தேர்ப்பந்தயத் திடலுக்கு அந்தப் பெயர். ஆனால் இப்போதைய சர்க்கஸைத் தொடங்கியவர் போருக்குப் போய்வந்த ஒரு குதிரைப்படைக்காரர், பிலிப் ஆஸ்ட்லி. 1768இல் லண்டனில் ஓடுகிற குதிரை மேல் நின்று வித்தை காட்டினார். குதிரை வட்டமாக ஓடினால் மேலே நிற்பவர் உள்பக்கம் சாய்ந்து விழாமல் சமாளிக்கலாம். அவர் குதிரை ஓட்டிய வளையத்தின் குறுக்களவு பிறகு 42 அடி என்று நிலைத்தது, இன்றும் அதுதான் வழக்கம். சர்க்கஸ் என்ற பெயரை வைத்தது அவரல்ல, 1782இல் போட்டிக்கு ‘ராயல் சர்க்கஸ்’ தொடங்கியவர்கள். 1824இல் ஆஸ்ட்லி அரங்கில், ஆங்கிலேயரும் கூட்டாளிகளும் நெப்போலியனை ஜெயித்த வாட்டர்லூ போரையே குதிரைகளோடு நடித்துக் காட்டினார்கள்.

ஆக, சர்க்கஸில் போர் வருவது புதிதல்ல. அப்போது ஜெயித்தவன் காட்டினான், இப்போது அடிபட்டவன் காட்டுகிறான், அவ்வளவுதான் வித்தியாசம். கம்போடியாவின் பத்தம்பாங்கில் 1994இல் ஒரு கலைப்பள்ளி தொடங்கியவர்கள் தாய்லாந்து எல்லை அகதி முகாமில் ஓவியம் கற்ற இளைஞர்கள். பிறகு அங்கே சர்க்கஸும் சேர்ந்தது, 1970களில் லட்சக்கணக்கானோர் சாகக் காரணமான போல்பாட்டின் ஆட்சியை அனுபவித்தவர்களின் கதை ஆட்டமானது. மிருகம் கிடையாது. தோள் மேல் தோளாக ஏறி நிற்கிற ஆள்கோபுரம் நம் கூடாரத்தில் கைதட்டலுக்கு. இந்த மாதிரி ஆட்டத்தில் அது சரிந்தால் ஒரு குடும்பமே சரிகிறது. கரணம் தப்பினால் மரணம் என்பதை இங்கே விளையாட்டாகச் சொல்ல முடியாது.

இப்படிப்பட்ட ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போது சேர்ந்து வரும் இன்னொரு சொல் ‘கூட்டு நினைவு’. மொரீஸ் ஆல்ப்வாக்ஸ் என்ற பிரெஞ்சு சமூகவியலாளர் 1925இல் இதை விரிவாக எழுதினார், நினைவைத் தனி ஆள் மட்டும் சுமப்பதில்லை, கூட்டமும் சேர்ந்து சுமக்கிறது என்று. ராமேஸ்வரம் பக்கம் இதைப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. 1964 புயலில் ரயில் மூழ்கியதை, அப்போது பிறந்தே இராத வண்டிக்காரர் தனுஷ்கோடி போகிற வழியெல்லாம் கண்ணால் பார்த்தவர் மாதிரி சொல்லிக்கொண்டு வருவார். மண்டபத்தில் இலங்கை அகதிகள் முகாமிலேயே பிறந்த பிள்ளைகளுக்கும், 1983க்கு அப்புறம் கடல் தாண்டி வந்த பெரியவர்கள் சொல்லிச் சொல்லி, பார்க்காத மன்னார் தெரியும்.

சரி, சொல்லுக்கு வருவோம். வட்டரங்கு இடத்தின் பெயர், ஆட்டத்தின் பெயரல்ல. ஆட்டத்துக்கு நம்மிடம் பழைய சொல்லே இருக்கிறது: கழைக்கூத்து. குறுந்தொகை 7ஆம் பாட்டில் ‘ஆரியர் கயிறாடு பறை’, அதாவது கயிற்றின் மேல் ஆடுபவர்களுக்குக் கொட்டும் பறை, வருகிறது, காற்றில் வாகை நெற்று ஆடும் சத்தத்துக்கு உவமையாக. (ஆரியக்கூத்து ஆடினாலும் காரியத்தில் கண் என்கிறோமே, அந்தக் கூத்தும் இதுதான்.) கழை என்றால் மூங்கில், இந்தப் புது ஆட்டத்தில் மூங்கில் இருக்காது என்பார்கள். இருக்கட்டும், கூத்து என்றதும் கதை வந்துவிடுகிறது, வித்தை என்ற சொல்லில் அது வராது. அதனால் போரையும் நினைவையும் சொல்கிற ஆட்டத்துக்குப் ‘புதுக் கழைக்கூத்து’ என்பது என் ஓட்டு.

ராமநாதபுரத்தில் கூடாரம் அடித்து பபூனும் பார் ஆட்டமுமாக வந்தால் அது சர்க்கஸ்தான், அதை மாற்ற வேண்டாம். மரத்தில் தொங்குகிற பையனை ‘வட்டரங்கு காட்டாதடா, இறங்கு’ என்று எந்த அம்மாவும் அதட்டப் போவதில்லை.