தெரியாது என்பதும் கண்டுகொள்ளவில்லை என்பதும்

மும்பை தாராவியில் தோல்பை தைத்து விற்கும் தமிழர் ஒருவர், செக் பவுன்ஸ் வழக்கில் சம்மன் கிடைத்த நான்காம் நாள் வக்கீலான என்னிடம் வந்தார். வருவதற்கு முன்பே அவருடைய மகன், கைபேசி அகராதியின் துணையோடு, எதிர்த்தரப்பு வக்கீலுக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் அனுப்பியிருந்தான். கடை இடம் மாறிவிட்டதால், செக் பணத்தைக் கேட்டு அனுப்பிய நோட்டீஸ் வந்ததே அப்பாவுக்குத் தெரியாது என்று எழுத நினைத்தவன், நோட்டீஸை ‘இக்னோர்’ செய்தோம் என்று எழுதிவிட்டான்.

‘இக்னோர்’, ‘இக்னரன்ட்’ இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். அறியாதிருத்தலைக் குறிக்கும் லத்தீன் வினைச்சொல். ஆனால் இன்றைய ஆங்கிலத்தில் முன்னது தெரிந்தும் பொருட்படுத்தாமல் விடுவது, பின்னது தெரியாமலே இருப்பது. பழைய இங்கிலாந்தில் குற்றச்சாட்டுக்குச் சான்று போதாதபோது கிராண்ட் ஜூரியினர், அதாவது வழக்கை விசாரணைக்கு அனுப்பலாமா என்று முடிவு செய்யும் குழுவினர், அந்தக் குற்றச்சாட்டு ஆவணத்தின் பின்புறம் ‘இக்னோராமஸ்’, அதாவது ‘நாங்கள் அறியோம்’, என்று எழுதுவார்கள். 1615இல் கேம்பிரிட்ஜில் நடிக்கப்பட்ட ஒரு நாடகம் அந்தச் சொல்லையே ஒரு வக்கீலுக்குப் பெயராகச் சூட்டியது. அது முட்டாளைக் குறிக்கும் சொல்லாக நிலைத்ததில் எங்கள் தொழிலுக்கும் பங்குண்டு.

செக் போன்றவற்றுக்கான மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138ஆம் பிரிவின்படி, நோட்டீஸ் கைக்குக் கிடைத்த 15 நாள்களுக்குள் பணம் செலுத்தாவிட்டால்தான் குற்றம் முழுமை பெறும். நோட்டீஸ் கிடைக்கவே இல்லை என்பவர், சம்மன் கிடைத்த 15 நாள்களுக்குள் தொகையைச் செலுத்தி, அதை நீதிமன்றத்தில் தெரிவித்துப் புகாரை நிராகரிக்குமாறு கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2007இல் கூறியது. ‘இக்னோர்’ செய்தேன் என்பவரோ நோட்டீஸ் கிடைத்ததை ஒப்புக்கொண்டவர் ஆகிறார்.

‘இக்னரன்ட்’ என்ற சொல்லும் எச்சரிக்கையாகக் கையாள வேண்டியதே. அதன்பின் ‘ஆஃப்’ சேர்த்து ஒரு செய்தியைக் குறிப்பிட்டால், அந்தச் செய்தியை அறியாதவர் என்று மட்டுமே பொருள். ஓர் ஆளுக்கு அடைமொழியாகத் தனியே நின்றால் அது வசவு. பத்திரம் கைமாறியதை அறியாதவர் என்ற பொருளில் அச்சொல் இருந்த பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்திட ஒரு மூதாட்டி மறுத்துவிட்டார். “என்னை அறிவு கெட்டவன்னு எழுதி, என்கிட்டயே கையெழுத்துக் கேக்குறீங்களா தம்பி?” என்றார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது.

நிகழ்ந்ததை அறியாதிருந்தேன் என்பதற்கு இருக்கும் மதிப்பு, சட்டத்தை அறியாதிருந்தேன் என்பதற்கு இல்லை. ஜூரிக்கிலிருந்து மணிலாவுக்குப் போகும் வழியில், 1962 நவம்பரில் இதே மும்பையின் சாந்தாகுரூஸ் விமான நிலையத்தில் 34 கிலோ தங்கத்துடன் பிடிபட்ட மேயர் ஹான்ஸ் ஜார்ஜ், இந்தியா வழியாகத் தங்கம் கொண்டுசெல்வதைக் கட்டுப்படுத்திச் சில நாள்களுக்கு முன் அரசிதழில் வந்த அறிவிப்பைத் தான் அறியவில்லை என்று வாதிட்டார். 1964இல் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில் அதை ஏற்கவில்லை.

தோல்பைக்காரர் தர வேண்டிய தொகையை, சம்மன் கிடைத்த பதினோராம் நாளே செலுத்திவிட்டோம். மகனுடைய கடிதத்தில் நேர்ந்த சொற்பிழையை விளக்கும் பிரமாணப் பத்திரத்தில் ‘இக்னரன்ட்’ என்று எழுதாமல், ‘நாட் அவேர்’ என்றே எழுதியிருக்கிறேன்.